மூன்று மில்லிமீட்டரின் பாரம்

கடைப் பெயர்ப்பலகையை நேராக நின்று பார்த்தால் எழுத்து தெரியும், நிறம் தெரியும். நாலு எட்டு நகர்ந்து பக்கவாட்டில் பார்த்தால் விளிம்பு தெரியும். குட்டு வெளிப்படுவது அங்கேதான். இன்றைய பலகைகளுக்கு ஏசிபி என்னும் அலுமினியக் கூட்டு ஷீட், அக்ரிலிக், ஃபோம் ஷீட் என்று எதை எடுத்தாலும் தடிமன் மூன்று மில்லிமீட்டரோ நான்கோ ஐந்தோதான். நகைக்கடையாகட்டும், மருத்துவமனையாகட்டும், வழிபாட்டு இடமாகட்டும், தன் பெயரை அவ்வளவு மெல்லிய தகட்டில் தொங்கவிட யாருக்கும் மனம் வருவதில்லை. பலகை கொஞ்சம் கனமாகத் தெரிய வேண்டும் என்று கேட்கிறார்கள். கனமாக இருக்க வேண்டும் என்று கேட்பவர் அரிது. அதைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏற வேண்டியவருக்கும் அதுதான் சௌகரியம்.

போர்டு செய்பவர்களிடம் இதற்கு வழிகள் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் எளியது, பலகையைச் சுவரோடு ஒட்டாமல் ஸ்பேசர் வைத்து ஓரங்குலம் தள்ளிப் பொருத்துவது. பின்னால் விழும் நிழலையும் கண் பலகையின் கணக்கிலேயே வரவு வைத்துவிடும். சுற்றிலும் பீடிங் அடிக்கலாம். விளிம்புக்கு மட்டும் அடர்நிறம் பூசலாம். இவற்றைவிடக் கைதேர்ந்த வழி மடிப்பு. ஏசிபி ஷீட்டின் முதுகுப்பக்கம் ரூட்டரால் 'வி' வடிவத்தில் பள்ளம் இழுத்து, முகத் தகட்டை மட்டும் வெட்டாமல் விட்டு, நான்கு ஓரங்களையும் செங்குத்தாகப் பின்னால் மடக்கி, மூலைகளை ரிவெட் அடித்து இணைத்துவிடுவார்கள். 3 மி.மீ. ஷீட் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு 50 மி.மீ. பாளமாகத் தெரியும். தூரிகை பிடித்த பெயின்டரோ பொருளைத் தொடவே மாட்டார். எழுத்தின் ஒரு பக்கத்திலும் அடியிலும் கருஞ்சாயத்தில் ஷேடு இழுப்பார். எழுத்து சுவரிலிருந்து அரையடி எழும்பி நிற்கும்.

இதெல்லாம் பொய்யா?

கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் தோற்றத்துக்கும் உள்ளீட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றித் தத்துவமும் சமயமும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தச் சண்டையில் அடிபட்ட பொருள்களும் பெரும்பாலும் பலகைகள்தாம்: கோயில் பலகை, படப் பலகை, பொன் வேய்ந்த பெட்டி.

முதலில் மடிப்பைக் கவனிக்கலாம். கண்ணுக்காகச் செய்த அந்த வேலை கண்ணோடு நிற்பதில்லை. ஒரே பொருளால் ஆன தகட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினால், வளையாமல் நிற்கும் அதன் திறன் எட்டு மடங்காகும். அந்தத் திறன் தடிமனின் முப்படிக்கு ஏற்றபடி கூடும் என்பது பொறியியல் மாணவர்களுக்கு ஆரம்பப் பாடம். ஏசிபி ஷீட்டே இந்தக் கணக்கின் மேல் கட்டியதுதான். அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ உள்ள இரண்டு அலுமினியத் தகடுகள். நடுவில் எடை குறைந்த பிளாஸ்டிக் உள்ளீடு, பெரும்பாலும் பாலிஎத்திலீன். உள்ளீட்டின் முக்கிய வேலை இரண்டு தகடுகளையும் நெருங்க விடாமல் விலக்கிப் பிடிப்பது. ஓரத்தை மடக்கும்போது இதே தர்க்கம் இன்னொரு முறை வேலை செய்கிறது. நீட்டிப் பிடித்த வெற்றுத்தாள் தொய்ந்து தொங்கும், ஓரத்தை மடித்துவிட்டால் விறைத்து நிற்கும்; பலகையும் அப்படித்தான். ஆகவே மடித்த பலகை தடித்ததாக நடிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உள்ளே காற்றை வைத்துக்கொண்டே, தடித்த பலகை செய்யும் வேலையில் ஒரு பங்கை அது நிஜமாகவே செய்கிறது. பெயின்டர் இழுத்த ஷேடு எந்தப் பாரத்தையும் தாங்காது. வாடிக்கையாளருக்கு இரண்டும் ஒரே 'கனம்'.

ஷேடு நம்மை ஏன் இவ்வளவு சுலபமாக வசப்படுத்துகிறது என்பதற்கு விடை தேடியவர்களில் ஒருவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளரான வி.எஸ். ராமச்சந்திரன். மேலே வெளுத்துக் கீழே கறுத்த வட்டம் மேடாகத் தெரிகிறது, அதையே தலைகீழாக்கினால் குழியாகத் தெரிகிறது. 1988-இல் அவர் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் துல்லியமாகக் காட்டின. வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து, அதுவும் மேலிருந்து வருகிறது என்று மூளை முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருக்கிறது. சூரியனுக்குக் கீழே வளர்ந்த கண்ணுக்கு அது நியாயமான முடிவுதான். எழுத்தின் அடியில் கறுப்பை இழுக்கும் பெயின்டர் அந்த முடிவைக் கைநீட்டி வாங்கிக்கொள்கிறார்.

இந்த இடத்தில் 'எல்லாம் மாயை' என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடும் ஆசை நம்மவர்களுக்கு வரும். கயிறு, பாம்பு என்று உதாரணமும் தயாராக இருக்கும். ஆனால் அந்த உதாரணம் இங்கே பொருந்தாது. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு போய்விடும். பலகை 3 மி.மீ. என்று அளந்து பார்த்த பிறகும் ஷேடு எழும்பி நிற்பது நிற்பதில்லை. சங்கரரிடமே இதற்குப் பொருத்தமான வேறோர் உதாரணம் இருக்கிறது. ஞானம் வந்த பிறகும் ஞானியின் உடல் ஏன் தொடர்கிறது என்ற கேள்விக்கு, பிரம்மசூத்திர பாஷ்யத்தின் நான்காம் அத்தியாயத்தில், கண்நோய் உள்ளவனுக்குத் தெரியும் இரட்டை நிலவைக் காட்டுகிறார். நிலவு ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரியும்; தெரிந்தும் கொஞ்ச காலம் இரண்டாகவே தெரியும். அறிவு வந்துவிட்டது, தோற்றம் போகவில்லை. இங்கே அவன் ஏமாந்தவன் அல்லன். வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவன். பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்க்கும் வழிப்போக்கனின் நிலையும் இதுதான்.

கிரேக்கர்களுக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு பொறுமை இல்லை. பிளேட்டோ 'சோஃபிஸ்ட்' உரையாடலில், பிரம்மாண்டமான உருவங்களைச் செய்யும் சிற்பிகளைக் கூண்டில் ஏற்றுகிறார். சரியான அளவில் செய்தால் மேற்பகுதி தூரத்தால் சிறுத்துத் தெரியும். அதனால் அவர்கள் நிஜ அளவைக் கைவிட்டுக் கண்ணுக்கு அழகாகத் தெரியும் அளவை வைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. உள்ளதை உள்ளபடி நகலெடுக்கும் கலை வேறு, உள்ளதுபோலத் தெரியவைக்கும் கலை வேறு என்று அவர் அங்கே கோடு கிழிக்கிறார். இரண்டாவது வகை சோஃபிஸ்டுகளின் வாய்ச்சாலகத்துக்குப் பக்கத்து வீடு என்பது அவர் பார்வை. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதே விஷயத்தைச் சமையல் குறிப்பைப் போலச் சொல்லிவிட்டுப் போகிறார்: மூலைத் தூணைச் சுற்றி வெட்டவெளி இருப்பதால் அது மெலிந்து தெரியும், ஆகவே அதை ஐம்பதில் ஒரு பங்கு தடிமனாகச் செய். எல்லாத் தூண்களும் ஒரே அளவாகத் தெரிய வேண்டுமானால் ஒரே அளவாக இருக்கக் கூடாது. பிளேட்டோவுக்கு இதில் அறம் தெரிந்தது. விட்ருவியஸுக்குத் தொழில் தெரிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறம் திரும்பவும் வந்து உட்கார்ந்தது. ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849-இல் வெளியிட்ட 'கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்' நூலில் உண்மைக்கென்றே ஒரு விளக்கை ஒதுக்கினார். ஒன்று தாங்குவதுபோலக் காட்டி வேறொன்று தாங்குவது, மரத்தைச் சலவைக்கல் போலத் தீட்டுவது, இயந்திரத்தில் வார்த்த அலங்காரத்தைக் கைவேலையாக ஒட்டுவது ஆகிய மூன்றும் அவருக்குக் கட்டடப் பொய்கள். மிலன் பேராலயத்தின் விதானத்தில் கல்வேலைப்பாடு போலத் தீட்டியிருந்ததைப் பார்த்து அவருக்கு ரத்தம் கொதித்தது. அதே மனிதர் தங்கமுலாமை மட்டும் மன்னித்தார். கட்டடத்தில் பொன் பூச்சைப் பார்த்து முழுவதும் பொன் என்று யாரும் நினைப்பதில்லை, எனவே பொய்யில்லை. நகையில் அதையே செய்தால் மோசடி. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் பொற்கொல்லர்களின் திருட்டு வகைகளில் ஈயத் தகட்டைப் பொன் தகட்டால் மூடுவதைச் சேர்த்திருக்கிறது. வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பார்ப்பவன் என்ன நினைத்துக் காசு கொடுக்கிறான் என்பதில்தான் வேறுபாடு.

வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் 1898-இல் இதை ஒரு விதியாகவே சுருக்கினார். போர்வை தன்னைப் போர்த்திய பொருளாகக் காட்டிக்கொள்ளக் கூடாது: மரத்துக்கு எந்த வண்ணமும் அடிக்கலாம், மரவண்ணம் மட்டும் அடிக்கக் கூடாது. விதி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர்ப்பலகையிடம் இதைக் கொண்டுபோனால் திணறும். ஏசிபி ஷீட்டில் மர வரி அச்சிட்டு ஒட்டினால் லோஸ் அடிக்க வருவார். அதே ஷீட்டை மடக்கி 50 மி.மீ. ஆக்கினால் என்ன சொல்வார்? அலுமினியம் அலுமினியமாகத்தானே இருக்கிறது.

ரஸ்கினைக் கொதிக்கவைத்த மிலன் பேராலயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சான் சாத்திரோவின் மரியன்னை ஆலயம் இருக்கிறது. 1480-களில் அதற்குத் திட்டம் தீட்டிய கட்டடக் கலைஞர் பிரமாந்தேவுக்கு இடம் பற்றவில்லை. பீடத்துக்குப் பின்னால் ஒரு தெரு குறுக்கே போகிறது. பாடகர் மண்டபம் கட்ட வழியில்லை. பின்சுவரில் ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் சுதையும் வண்ணமும் கொண்டு தூண்கள், வளைவுகள், கட்டம் போட்ட விதானம் எல்லாவற்றையும் சரிவாகக் குறுக்கி எழுப்பினார். நுழைவாயிலில் நிற்பவருக்கு ஆலயம் பீடத்தைத் தாண்டிப் பல மீட்டர் உள்ளே போகிறது. பக்கவாட்டில் போய் நின்றால் அத்தனையும் நசுங்கிச் சுவரோடு சுவராகிவிடும். கட்டடக் கலை வரலாற்றில் மெல்லிய பலகையை ஆழமாகக் காட்டிய வேலைகளில் இதற்கு ஈடு சொல்வது கடினம். இது நடந்தது சினிமா அரங்கில் இல்லை, வழிபாடு நடக்கும் பீடத்துக்குப் பின்னால்.

ரோமில் இருநூறு ஆண்டு கழித்து இன்னும் துணிச்சலாக ஒன்று நடந்தது. இயேசு சபையின் புனித இக்னேஷியஸ் ஆலயத்துக்குத் திட்டமிட்ட குவிமாடம் எழவேயில்லை. சபையின் சகோதரரும் ஓவியருமான அந்திரேயா பொட்சோ, 1685-இல் அந்த இடத்தை மூடும் துணியில் ஒரு குவிமாடத்தைத் தீட்டி மேலே பொருத்தினார். பிறகு மைய மண்டபத்தின் விதானத்தையும் தீட்டினார். தரையில் ஒரு சலவைக்கல் வட்டம் பதித்திருக்கிறது. அதன்மேல் நின்று பார்த்தால் தூண்கள் வானம் வரை போகும். விலகினால் சரிந்து விழுவதுபோலச் சாயும். பொட்சோ தீட்டிய குவிமாடத்தில் தூண்கள் சுவரிலிருந்து நீளும் தாங்கிகளின் மேல் நிற்கின்றன. கல்லில் இப்படிக் கட்ட மாட்டார்களே என்று சில கட்டடக் கலைஞர்கள் குறை சொன்னார்களாம். அதற்கு வந்த பதிலை பொட்சோ தம் நூலிலேயே பதிந்திருக்கிறார்: தாங்கிகள் பாரம் தாளாமல் உடைந்து தூண்கள் விழுந்தால், பழுதுபார்க்கும் செலவு முழுவதையும் தானே ஏற்பதாக அவருடைய ஓவிய நண்பர் ஒருவர் வாக்குக் கொடுத்தாராம்.

நகைச்சுவை என்று இதைத் தாண்டிப் போகக் கூடாது. ரஸ்கின் பல பக்கங்களில் தேடியது இந்த ஒரு பதிலில் இருக்கிறது. தீட்டிய தாங்கி தீட்டிய தூணைத் தாங்குகிறது; நிஜ பாரம் எதுவும் அதன்மேல் ஏறவில்லை. பொய்த் தடிமன் பொய்யாவது யாராவது ஒருவர் அதை நம்பித் தன் எடையைச் சாய்க்கும்போதுதான். எடை என்பது கல்லாக இருக்கலாம், காசாக இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம். அதுவரை ஷேடு வெறும் ஷேடு.

இப்படிப் பார்ப்பது ஒன்றும் புதிதில்லை. சந்தைக் கடையிலிருந்தே இந்தக் கேள்வியைத் தூக்கிப் பேசியவர்கள் யூத அறிஞர்கள். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுத்த யூதச் சட்டநூலான மிஷ்னா, விற்பனைக்கு வரும் அடிமையையோ விலங்கையோ பாத்திரத்தையோ மெருகேற்றிக் காட்டக் கூடாது என்கிறது. பாபிலோனியத் தல்மூதில் இதன்மேல் விவாதம் நீள்கிறது. இறைச்சியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொழுப்பாகக் காட்டக் கூடாது. குடலை ஊதிப் பெரிதாக்கக் கூடாது. அப்படியானால் ராவா என்ற அறிஞர் அம்புகளுக்கு வண்ணம் தீட்ட அனுமதித்தாரே, இன்னொருவர் கூடைகளுக்கு அனுமதித்தாரே என்று எதிர்க்கேள்வி வருகிறது. பதில் ஒரே வரி: அது புதியதற்கு, இது பழையதற்கு. புதுக் கூடைக்கு வண்ணம் அடித்தால் அழகு. இற்றுப்போன கூடைக்கு அடித்தால் அதில் பண்டம் போட்டுத் தூக்குபவன் தெருவில் நிற்பான்.

கூடவே ஒரு கதையும் வருகிறது. கிழட்டு அடிமை ஒருவன் தலைக்கும் தாடிக்கும் சாயம் பூசிக்கொண்டு ராவாவிடம் போய்த் தன்னை விலைக்கு வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். ராவா நயமாக மறுத்துவிடுகிறார். பாப்பா பார் ஷமுவேல் என்பவர் வாங்கிவிடுகிறார். ஒருநாள் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்க, அவன் போய்ச் சாயத்தைக் கழுவிவிட்டு வெள்ளைத் தாடியோடு வந்து நிற்கிறான்: பாருங்கள், நான் உங்கள் அப்பாவைவிட வயதானவன். சாயம் அத்தனை நாளும் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது. வேலை வாங்க முற்பட்டதும் கழுவிப் போயிற்று. கடை வாசலில் எத்தனையோ பெரிய பெயர்ப்பலகைகளின் கதையும் இதுவேதான் என்று வாசகர் நினைத்தால் தடுக்க முடியாது.

இந்த ராவாவிடம் ஒரு முரண் இருக்கிறது, சுவையான முரண். உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாத அறிஞன் அறிஞனே அல்லன் என்று கண்டிப்பாகச் சொன்னவரும் அவரேதான். ஆதாரமாக அவர் எடுத்தது விவிலியத்தில் வரும் உடன்படிக்கைப் பெட்டி. யாத்திராகமத்தின் 25-ஆம் அதிகாரப்படி அது சித்தீம் மரத்தால் ஆனது, உள்ளும் புறமும் பொன் வேய்ந்தது. தல்மூது அதை மூன்று பெட்டிகளாகவே விவரிக்கிறது: கைவினைஞன் பெசலேயேல் நடுவில் மரப்பெட்டியும், அதற்குள் ஒரு பொற்பெட்டியும், வெளியே ஒரு பொற்பெட்டியும் செய்தானாம். உள்ளும் பொன், புறமும் பொன், நடுவே மரம். இன்றைய ஏசிபி ஷீட்டின் குறுக்குவெட்டும் இதே அமைப்புத்தான். அந்தப் பெட்டி முழுப்பொன் இல்லையே என்று எவரும் குற்றம் சொல்லவில்லை. லேவியர் தோளில் சுமந்துபோக வேண்டிய பொருள். திட்டவட்டமான அளவோடும் பொருளோடும் செய்முறை எழுத்திலேயே இருக்கிறது. மரம் நடுவில் இருப்பது ரகசியம் இல்லை. அதே நூலின் 27-ஆம் அதிகாரம் பலிபீடத்தைப் பலகைகளால் உள்ளே வெறுமையாகச் செய்யச் சொல்கிறது. சொல்லிவிட்டுச் செய்த வெறுமையில் புனிதம் குறையவில்லை.

கிறிஸ்தவத்தின் கிழக்குக் கிளை வேறு வழியில் போனது. ரஷ்யப் பாதிரியாரும் கணிதவியலாளருமான பாவெல் ஃப்ளோரென்ஸ்கி 1919-இல் எழுதிய 'தலைகீழ்த் தொலைவுக்காட்சி' என்ற கட்டுரை, பிரமாந்தேயும் பொட்சோவும் பெருமைப்பட்ட அத்தனையையும் நாடகத் திரைச்சீலையின் வாரிசு என்று ஒதுக்குகிறது. ஒற்றைக்கண்ணோடு ஒரே இடத்தில் ஆணி அடித்து உட்காரவைத்த பார்வையாளனுக்காகச் செய்த பொய் என்பது அவர் வாதம். அவருக்கு உண்மை ஐகான் எனப்படும் வழிபாட்டு மரப்பலகைப் படங்களில் இருந்தது. பழைய ஐகான்களில் கிறிஸ்து கையில் பிடித்திருக்கும் சுவிசேஷப் புத்தகத்தின் மூன்று விளிம்புகள், சில சமயம் நான்கும், ஒரே நேரத்தில் தெரியும். ஒரு கண்ணுக்கு அது சாத்தியமில்லை. அந்தப் புத்தகத்துக்கு நிஜமாகவே நான்கு விளிம்புகள் உண்டு என்பதோ மறுக்க முடியாதது. தடிமனைப் பற்றி இப்படியும் உண்மை சொல்லலாம் என்பது அருமையான கண்டுபிடிப்பு. ஃப்ளோரென்ஸ்கி 1937-இல் சோவியத் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கட்டுரை அச்சேறியது 1967-இல். பொட்சோவை மட்டும் அவர் வாதத்தில் சிக்கவைப்பது நியாயமாகப் படவில்லை. தரையில் வட்டம் போட்டு 'இங்கே நின்றால்தான்' என்று சொல்பவரைப் பொய்யர் என்பது எப்படி?

ஐகான் பலகையின் செய்முறையைப் படிக்கும் தமிழருக்கு ஒரு சந்தேகம் வரும், நம் ஊரைப் பற்றித்தான் சொல்கிறார்களா என்று. மரப்பலகை, அதன்மேல் பசையால் ஒட்டிய துணி, துணிமேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு, அதன்மேல் பொன் தகடு, வண்ணம். மராட்டியர் காலத்தில் தஞ்சாவூரில் செழித்த பலகைப் படத்தின் வரிசையும் இதுவே. பழைய படங்களுக்குப் பெரும்பாலும் பலாமரப் பலகை. துணி ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்துப் பூசித் தேய்ப்பார்கள். இதுவரை இரண்டும் ஒரே பாதை. பிறகுதான் பிரிகின்றன. ஐகான் எழுதுபவர் பலகையின் நடுவைக் குடைந்து பள்ளமாக்கி அதற்குள் எழுதுவார். தஞ்சாவூர்க் கலைஞர் மேடாக்குவார். ஆபரணம், மண்டபத் தூண், திரைச்சீலை, ஆடையின் கரை எல்லாவற்றையும் மக்கு வைத்துப் புடைக்கச் செய்து, கல் பதித்து, தங்கரேக்கு ஒட்டி அழுத்துவார். முகமும் உடலும் மட்டும் பெரும்பாலும் தட்டையாக, மெல்லிய ஷேடோடு நிற்கும்.

இந்தப் புடைப்பை வெறும் ஆடம்பரம் என்று கலை விமர்சகர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. படம் எங்கே மாட்டப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பூஜையறை இருட்டு, வெளிச்சம் குத்துவிளக்கிலிருந்து, அதாவது கீழிருந்து வருகிறது. மேலிருந்து வெளிச்சம் விழுவதாகக் கணக்குப் போட்டு இழுத்த ஷேடு அங்கே கட்சி மாறிப் பேசும். மக்கு வைத்துப் புடைத்த பொன்னுக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தாலும் கவலையில்லை. சுடர் அசைந்தால் அதுவும் அசையும். இரண்டொரு மில்லிமீட்டர் நிஜ உயரம், தீட்டிய அரையடி உயரத்தைவிட அங்கே அதிகம் செய்கிறது. சிற்ப நூல்களும் இந்த வேறுபாட்டை மறைக்கவில்லை. எல்லாப் பக்கமும் திரண்ட உருவம் சித்திரம், சுவரிலிருந்து பாதி எழும்பியது அர்த்தசித்திரம், தீட்டியது சித்திராபாசம் என்று மூன்றாகப் பிரித்துவைத்திருக்கின்றன. தீட்டியது தோற்றம் மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதையும் வணங்கலாம் என்கிறது மரபு. தஞ்சாவூர்ப் படத்தில் இன்று சச்சரவு வருவது மக்கின் உயரத்தால் இல்லை. பொன்னென்று சொல்லிப் பொன்னிறத் தகட்டை ஒட்டி விற்பதால்தான் வருகிறது. ரஸ்கினும் கௌடில்யரும் ராவாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிடக்கூடிய வழக்கு அது.

அவ்வளவு சுலபமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு.

லண்டனின் மேற்குப் பகுதியில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு, 2016-இல் முடிந்த புதுப்பிப்பில் புதுப் போர்வை போர்த்திக்கொண்டது. வெப்பம் வெளியேறாமல் காப்பதும் பழைய கான்கிரீட்டின் தோற்றத்தை மாற்றுவதும் நோக்கம். மேலே பொருத்தியது பெயர்ப்பலகைக்காரர்கள் நன்கு அறிந்த அதே அமைப்பு: இரு அலுமினியத் தகடுகள், நடுவில் பாலிஎத்திலீன். 2017 ஜூன் 14 நள்ளிரவு தாண்டி ஒரு வீட்டின் சமையலறையில் பற்றிய தீ சன்னல் வழியே வெளியேறி, போர்வையில் ஏறி, கட்டடத்தைச் சுற்றி வளைத்தது. 72 பேர் இறந்தார்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முதன்மைக் காரணம் அந்தப் பாலிஎத்திலீன் உள்ளீடுதான் என்று விசாரணைக் குழுவின் 2019 அறிக்கை சொன்னது.

2024-இல் வந்த இறுதி அறிக்கை பெயர்ப்பலகைத் தொழிலையே நேராகத் தொடும் ஒரு விவரத்தைப் பேசுகிறது. அந்த ஷீட்டை இரண்டு விதமாகப் பொருத்தலாம். தட்டையாக வைத்து ரிவெட் அடிக்கலாம். அல்லது ஓரங்களை மடக்கித் தட்டாக்கி மாட்டலாம். கிரென்ஃபெல்லில் மாட்டியது மடக்கிய வகை. தீச்சோதனையில் மடக்கிய வகை தட்டை வகையைவிட மிக மோசமாக எரிந்தது. தயாரிப்பு நிறுவனத்துக்கு இது 2005-லேயே தெரியும். தெரிந்தும் சந்தையிலிருந்து அந்த ஆபத்தை வேண்டுமென்றே மறைத்தது என்பது குழுவின் முடிவு. போர்வையும் வெப்பக்காப்பும் தயாரித்தவர்களின் தொடர்ச்சியான நேர்மையின்மை பற்றி அறிக்கை கடுமையாகவே பேசுகிறது.

ஆகவே மடிப்பு மூன்றாம் முறையாகத் தன் முகத்தைக் காட்டியது. கண்ணுக்குப் பாளமாகத் தெரிந்தது. விறைப்பையும் நிஜமாகவே கூட்டியது. அதே மடிப்புத் தீயில் எமனானது. மெல்லிய ஷீட்டைத் தடித்த பாளமாகக் காட்டிய தோற்றம் அங்கே யாரையும் கொல்லவில்லை; தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர் அது கெட்டியான பாளம் என்று நினைத்திருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது. அந்தச் சுவருக்கு உள்ளே படுத்துத் தூங்கியவர்கள் தங்கள் எடையைச் சாய்த்தது தடிமனின் மேல் இல்லை, ஒரு சோதனைச் சான்றிதழின் மேல். அதில் ஷேடு இழுத்தவர்கள் பெயின்டர்கள் இல்லை. ரஸ்கினின் மூன்று பொய்களில் எதிலும் இது அடங்காது. தல்மூதின் இற்றுப்போன கூடை கொஞ்சம் நெருங்கி வருகிறது.

இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேல் உயர்ந்த புதுக் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள்களுக்கு 2018 டிசம்பரில் தடை வந்தது. ஷீட் இன்னும் பல நாடுகளில் விற்கிறது, விற்பதில் தவறும் இல்லை. ஒற்றைமாடிக் கடை வாசலில் தொங்கும் பலகைக்கும் குடியிருப்புக் கோபுரத்துக்கும் ஒரே சட்டம் தேவையில்லை. பாலிஎத்திலீனுக்குப் பதில் தாதுப்பொடி மிகுதியாகக் கலந்து, தீ எளிதில் பரவாத உள்ளீட்டோடும் ஷீட் வருகிறது. விலை கூடுதல். முகத் தகட்டைப் பார்த்து எது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. நிறம், பளபளப்பு, தடிமன் எல்லாம் ஒன்றே. முதுகில் ரூட்டர் பள்ளம் இழுக்கும்போது உள்ளீடு சற்று நேரம் வெளியே தெரியும், ஓரத்தை மடக்கியதும் மூலைக்குள் போய்விடும். உயரமான கட்டடத்துக்குப் பலகை செய்யக் கொடுப்பவர் எழுத்தின் உயரத்தையும் விளக்கின் நிறத்தையும் பேசி முடித்த கையோடு உள்ளீடு எந்த வகை என்றும், மடக்கிய நிலையில் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்றும் கேட்டு, இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.